பத்தாம் வகுப்புத் தனித்தேர்வு

பத்தாம் வகுப்புத் தனித்தேர்வு என்பது பள்ளியில் சேர்ந்து பயிலாதவர்களும் இடையில் நின்றவர்களும் தமிழ்நாட்டு அரசின் இடைநிலைப் பள்ளி விடுப்புச் சான்றிதழை (எஸ்.எஸ்.எல்.சி.) பெறுவதற்காக எழுதும் பொதுத்தேர்வு ஆகும். இதனை எழுதுவோர் தனித்தேர்வர் எனப்படுவர். முன்பு எழுதித் தவறியவர், முதன்முறையாக எழுதும் நேரடித் தனித்தேர்வர் என இவர்கள் இரு வகைப்படுவர். அரசுத் தேர்வுகள் இயக்ககம் இத்தேர்வை நடத்துகின்றது. வினாத்தாளும் சான்றிதழின் மதிப்பும் பள்ளி மாணவர்களுக்கு உரியவையே. இக்கட்டுரை தேனி மாவட்டத்தின் பின்னணியில், தமிழ் மொழித்தாளுக்கு ஆயத்தமாவதைச் சிறப்பாக விளக்குகின்றது.

பின்னணி

தமிழ்நாட்டில் 1978 இல் மேல்நிலைக் கல்வி அறிமுகமாகும் வரை பள்ளியிறுதி வகுப்பு பதினோராம் வகுப்பாக இருந்தது. அதன் பின்னர் பத்தாம் வகுப்புடன் இச்சான்றிதழ் வழங்கப்படுகின்றது. 2011-12 கல்வியாண்டில் சமச்சீர்க் கல்வி பத்தாம் வகுப்பில் நடைமுறைக்கு வந்தது. தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் இரண்டிரண்டு தாள்கள் இருந்துவந்தன. 2019-20 முதல் ஒவ்வொன்றுக்கும் ஒரே தாள் என மாற்றப்பட்டது.

தகுதியும் விண்ணப்பமும்

நேரடித் தனித்தேர்வர் பதினான்கரை வயது நிறைவடைந்தவராகவும் எட்டாம் வகுப்பில் தேர்ச்சி பெற்றவராகவும் இருத்தல் வேண்டும். எட்டாம் வகுப்பை முடிக்காதவர்கள் முதலில் எட்டாம் வகுப்புத் தனித்தேர்வை (இ.எஸ்.எல்.சி.) எழுதலாம், அதற்கு வயது வரம்பு பன்னிரண்டரை ஆகும்.

முதன்முறை எழுதுவோர் ஐந்து பாடங்களையும் எழுத வேண்டும். ஒவ்வொன்றிலும் 100க்கு 35 மதிப்பெண் தேவை. தவறிய பாடங்களை மட்டும் மீண்டும் எழுதினால் போதும். அறிவியலில் 25 மதிப்பெண் செய்முறைத் தேர்வுக்கு உரியது. இதற்கான பயிற்சி வகுப்புக்கு முன்கூட்டியே பதிவு செய்து, 80 விழுக்காடு வருகை பெற்றவர்களே தேர்வெழுத இயலும். கூலி வேலைக்குச் செல்வோர் பலர் விண்ணப்பக் காலத்தில்தான் இதனை அறிகின்றனர். அதற்குள் அவ்வாண்டு வாய்ப்பு கைநழுவிவிடுகின்றது.

தேனி மாவட்டத்தில்

தேனி மாவட்டம் 1996 இல் மதுரை மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டது. அதன் தென்மேற்கில் சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம், கூடலூர் ஆகிய ஊர்களை உள்ளடக்கிய கம்பம் பள்ளத்தாக்கு அமைந்துள்ளது. முல்லைப் பெரியாற்று நீரால் விளையும் நெல்வயல்களும், திராட்சை, வாழை, தென்னந்தோப்புகளும் இங்கு உள்ளன. கம்பம், போடி பகுதிகளிலிருந்து தொழிலாளர்கள் நாள்தோறும் விடியற்காலையில் ஜீப்புகளில் குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு வழியாக இடுக்கி மாவட்ட ஏலத்தோட்டங்களுக்குச் சென்று மாலையில் திரும்புகின்றனர். குடும்பத்துடன் தோட்டங்களில் தங்கி வேலை செய்யும்போது பிள்ளைகளின் படிப்பு தடைப்படுவதுண்டு. அவ்வாறு நின்றவர்கள் மீண்டும் கல்வியைத் தொடரத் தனித்தேர்வு ஒரு வழியாகும்.

தமிழ்த் தாளின் அமைப்பு

2019-20 பாடத்திட்டத்தின்படி விடையளிக்கும் நேரம் மூன்று மணி. வினாத்தாளைப் படிக்கவும் விவரங்களைச் சரிபார்க்கவும் 15 நிமிடம் கூடுதலாக வழங்கப்படுகின்றது. மதிப்பெண் பகிர்வு பின்வருமாறு:

* பகுதி 1: சரியான விடையைத் தேர்ந்தெடுத்தல், 15 × 1 = 15
* பகுதி 2: குறுவினா, 9 × 2 = 18
* பகுதி 3: சிறுவினா, 6 × 3 = 18
* பகுதி 4: கடிதம், படிவம் நிரப்புதல், காட்சியைக் கண்டு எழுதுதல் முதலியன, 5 × 5 = 25
* பகுதி 5: நெடுவினா, கட்டுரை, 3 × 8 = 24

திருக்குறளும் மனப்பாடப் பாடலும் கட்டாய வினாக்கள் ஆகும். பாடநூலை முழுமையாகக் கற்க இயலாதவரும் திட்டமிட்டால் தேர்ச்சி பெறலாம். எடுத்துக்காட்டாக, பகுதி 1 இல் 10, குறளுக்கும் பாடலுக்கும் 5, உரைப்பத்தி வினாவுக்கு 3, கடிதம், படிவம், காட்சி ஆகிய மூன்றுக்கும் சேர்த்து 12, கட்டுரைக்கு 5 எனப் பெற்றால் மொத்தம் 35 ஆகின்றது. இவற்றுள் 20 மதிப்பெண் மனப்பாடத்தால் அன்றி, படித்துப் புரிந்து சொந்தமாக எழுதும் திறனால் கிடைப்பது என்பது குறிப்பிடத்தக்கது.

வாசிப்பும் எழுத்தும்

தமிழ் இரட்டை வழக்கு மொழி ஆதலால், சரளமாகப் பேசுபவருக்கும் எழுத்து கடினமாகலாம். "அவுக சந்தைக்குப் போயிருக்காக" என்று பேசுபவர் தேர்வில் "அவர்கள் சந்தைக்குச் சென்றிருக்கிறார்கள்" என்று எழுத வேண்டும். வினைமுற்று, வேற்றுமை உருபு, ஒற்று மிகுதல் ஆகியவற்றில் பிழை நேர்வது இயல்பு. பேச்சில் ழ, ள, ல வேறுபாடு மறைவதால் "பழம்" என்பது "பலம்" ஆகிப் பொருளே மாறிவிடும். வீட்டில் கன்னடமோ தெலுங்கோ பேசும் குடும்பங்களும் இப்பள்ளத்தாக்கில் உண்டு. அவர்களுக்கு இப்பயிற்சி மேலும் தேவை.

நாள்தோறும் அரை மணி நேரம் நாளிதழ்ச் செய்தி ஒன்றை உரக்கப் படித்து, அதன் கருத்தைப் பாராமல் மூன்று வரிகளில் எழுதி, மூலத்துடன் ஒப்பிட்டுத் திருத்துதல் எளிய பயிற்சியாகும். கிளை நூலகங்களில் நாளிதழ்கள் கிடைக்கும். வங்கி, அஞ்சலகப் படிவங்களை நிரப்பிப் பழகுவது படிவ வினாவுக்கு உதவும். கடிதத்துக்கு அனுப்புநர், பெறுநர், பொருள், விளிப்பு, இடம், நாள் என்னும் அமைப்பைப் பழகிக்கொள்ள வேண்டும். பேனா பிடித்து நாளான கை விரைவில் சோர்வதால், இறுதி வாரங்களில் மூன்று மணி நேரம் முழுத்தாளையும் எழுதிப் பார்ப்பது நன்று. மாற்றுத்திறனாளிகள் உரிய சான்றுடன் சொல்வதை எழுதுபவர், கூடுதல் ஒரு மணி நேரம் முதலிய சலுகைகளைப் பெறலாம்.

சான்றிதழின் பயன்

தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் தொகுதி 4 தேர்வுக்குக் குறைந்தபட்சக் கல்வித்தகுதி பத்தாம் வகுப்புத் தேர்ச்சி ஆகும். அத்தேர்வின் தமிழ்ப் பகுதியில் 40 விழுக்காடு பெறுதல் கட்டாயம் என்று 2021 இல் ஆணையிடப்பட்டதால், இங்கு பெறும் மொழிப்பயிற்சி அங்கும் பயன்படுகின்றது. பத்தாம் வகுப்பு தேர்ச்சி பெற்றவர் கடவுச்சீட்டில் குடியேற்றச் சோதனை தேவைப்படாதவராகக் கருதப்படுகிறார். பத்தாம், பன்னிரண்டாம் வகுப்புகளை முடிக்காமல் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் பெற்ற பட்டம் அரசுப் பணிக்கு ஏற்கப்படுவதில்லை என 2009 இல் தமிழக அரசு ஆணையிட்டது. ஆகவே குறுக்குவழியாகப் பட்டம் பெறுவதினும் இத்தேர்வை முடிப்பதே பாதுகாப்பானது.

பிற இடங்களில்

1989 இல் தேசியத் திறந்தநிலைப் பள்ளியாகத் தொடங்கி, 2002 இல் இப்பெயர் பெற்ற தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனம் பத்தாம் வகுப்புக்கு இணையான தேர்வை நடத்துகின்றது. இலங்கையில் க.பொ.த. சாதாரண தரத் தேர்வைத் தனிப்பட்ட பரீட்சார்த்திகளும் எழுதலாம். அமெரிக்க ஐக்கிய நாடுகளில் இரண்டாம் உலகப்போர்ப் படைவீரர்களுக்காக 1942 இல் உருவான ஜி.இ.டி. தேர்வு இத்தகையதே, அதிலும் வாசிப்பும் எழுத்துத் திறனும் ஒரே தாளில் சோதிக்கப்படுகின்றன.

இவற்றையும் பார்க்க

* சமச்சீர்க் கல்வி
* இரட்டை வழக்கு மொழி
* தேனி மாவட்டம்
* கம்பம் பள்ளத்தாக்கு