எட்டு பத்து லோக்கலில் ஓர் அணு உலை

தாம்பரத்தில் காலை எட்டு பத்து லோக்கலில் ஜன்னல் சீட் கிடைப்பது, எலெக்‌ஷனில் சீட் கிடைப்பதைவிடக் கஷ்டம். அன்றைக்கு எனக்குக் கிடைத்தது. முருகா என்று கண்ணை மூடினேன். எதிர் சீட்டில் மூன்று பேர் சேர்ந்து அணு உலையைத் திறந்துவிட்டார்கள்!

மூவரும் தினசரிப் பிரயாணிகள். மடியில் லேப்டாப்பைக் குழந்தை மாதிரி அணைத்திருக்கும் கம்ப்யூட்டர் தம்பி. ரிட்டயராகியும் பாரிமுனையில் கணக்கெழுதப் போகும் பெரியவர். மூன்றாமவர் ராதாபுரம் பக்கத்துக்காரர். சென்னைக்கு வந்து இருபது வருஷமாகியும் திருநெல்வேலி நாக்கை அப்படியே பத்திரமாக வைத்திருப்பவர்.

"இன்னும் இருபது வருஷத்துல சிட்டியில ஓடற அத்தனையும் கரண்ட்லதான் சார் ஓடும். பஸ், ஆட்டோ, மெட்ரோ எல்லாமே! அவ்வளவு கரண்டுக்கு எங்க போறது? ஊருக்கு ஒரு அணு உலை வெச்சா தீர்ந்தது" என்றான் தம்பி.

"எங்க தெருவுல ஒரு டிரான்ஸ்ஃபார்மர் வெக்கறதுக்கே, 'எங்க வீட்டு வாசல்ல வேணாம்'னு ஆறு மாசம் சண்டை" என்றார் பெரியவர்.

ராதாபுரத்துக்காரர் மெதுவாகக் கேட்டார். "ஊருக்கு ஒண்ணுன்னு சொல்லுதியே தம்பி, உனக்கு எந்த ஊரு?"

"மேடவாக்கம் சார்."

"அப்ப முதல் உலையை அங்கனயே வெச்சிருவமா?"

"அங்க மழை வந்தா போட்டே விடறாங்க சார்..."

பெட்டியே சிரித்தது. எனக்குத் தூக்கம் போய்விட்டது. காரணம், என் பையில் ஒரு செக் இருந்தது. கூடுவாஞ்சேரியிலிருந்து உள்ளே எட்டு கிலோமீட்டரில் ஒரு ஃபிளாட்டுக்கு அட்வான்ஸ். சாயங்காலம் கொடுப்பதாக ஏற்பாடு. 'ஸ்டேஷனிலிருந்து பதினைந்தே நிமிடம்' என்று நோட்டீஸில் போட்டிருந்தார்கள். எதில் போனால் என்று போடவில்லை. ஹெலிகாப்டராக இருக்கலாம்.

ரோட்டில் ஒரு மாசம்

நான் பி.காம். அணுவைப் பற்றி எனக்குத் தெரிந்தது கொஞ்சம். கூட்டல், கழித்தல் தெரியும்.

வீட்டிலிருந்து ஆபீஸுக்கு ஒண்ணேகால் மணி நேரம், திரும்பி வர ஒண்ணேகால். ஆக, நாளைக்கு இரண்டரை மணி. வருஷத்துக்கு 300 வேலை நாள் என்றால் 750 மணி. 24 ஆல் வகுத்துப் பாருங்கள்: 31 நாள். அதாவது வருஷத்தில் ஒரு முழு மாசம், ராத்திரி பகலாக, நான் வழியிலேயே வாழ்கிறேன்! அந்த மாசத்துக்கு வாடகை கிடையாது, சம்பளமும் கிடையாது.

புது ஃபிளாட்டுக்குப் போனால் தினம் இன்னொரு மணி நேரம். கணக்கில் மேலும் பன்னிரண்டரை நாள். என் பெண் இப்போதே என்னை ஞாயிற்றுக்கிழமை வரும் விருந்தாளி மாதிரிதான் பார்க்கிறாள்.

இத்தனைக்கும் இந்த ஊருக்கு ரயில் புதுசு இல்லை. பீச் - தாம்பரம் பாதையில் மின்சார ரயில் 1931-லேயே வந்துவிட்டது. அதற்கு முன்பே, 1895-ல் இங்கே டிராம் ஓடியது. கம்பெனி நஷ்டத்தில் மூழ்கி, 1953 ஏப்ரலில் மூடிவிட்டார்கள். அதன் பிறகு ஊர் வளர்ந்தது. தண்டவாளம் அந்த வேகத்தில் வளரவில்லை. பறக்கும் ரயில் 1995-ல் பீச்சிலிருந்து சேப்பாக்கம் வரை வந்தது. 1997-ல் மயிலாப்பூர். வேளச்சேரியைத் தொட 2007 ஆகிவிட்டது. பெயர்தான் பறக்கும் ரயில்! அங்கிருந்து பரங்கிமலைக்கு இன்னும் ஐந்தே கிலோமீட்டர். நிலத் தகராறில் பல வருஷம் தூண்கள் மட்டும் நின்று வேடிக்கை பார்த்தன.

மெட்ரோ 2015-ல் கோயம்பேடு - ஆலந்தூர் இடையே துவங்கியது. இரண்டாம் கட்டம் சுமார் 119 கிலோமீட்டர், 63,246 கோடி ரூபாய். நல்ல விஷயம்தான். ஆனால் 2023 டிசம்பர் கடைசியில் கிளாம்பாக்கத்தில் பிரமாண்டமான பஸ் நிலையம் திறந்தார்களே, ஞாபகம் இருக்கிறதா? பக்கத்திலேயே ரயில் பாதை ஓடுகிறது. திறந்தபோது இறங்க ஸ்டேஷன்தான் இல்லை. கல்யாண மண்டபத்தைக் கட்டிவிட்டு வாசற்படியை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்கிற மாதிரி.

வெள்ளி விழாக் குழந்தை

பழவந்தாங்கல் தாண்டி வண்டி நின்றது. விவாதம் நிற்கவில்லை.

"காத்தாலை இருக்கே?" என்றார் பெரியவர்.

"நம்ம ஊர்ல காத்து மே மாசத்துலேருந்து செப்டம்பர் வரைக்கும்தான் சார் நல்லா அடிக்கும். சோலார் ஆறு மணிக்கு டூட்டி முடிச்சிட்டுப் போயிடும். எலெக்ட்ரிக் பஸ்ஸை நீங்க சார்ஜ் போடறதே ராத்திரிலதானே? உலை ராத்திரி பகல் ஓடும், புகையும் விடாது."

தம்பி சொன்னதில் நியாயம் இருக்கிறது. 2024 மே 2-ம் தேதி தமிழ்நாட்டின் உச்சத் தேவை 20,830 மெகாவாட்டைத் தொட்டது. 2025 ஜூனில் வியாசர்பாடி டெப்போவிலிருந்து 120 மின்சார பஸ்கள் கிளம்பின. இன்னும் வரும். எல்லாவற்றுக்கும் ராத்திரியில் தீனி வேண்டும்.

ஆனால் அணு உலை ஆர்டர் கொடுத்தால் நாளைக்கே வீட்டுக்கு வந்து இறங்கும் ஃபிரிட்ஜ் இல்லை. கூடங்குளத்துக்கு ராஜீவ் காந்தியும் கோர்பச்சேவும் கையெழுத்திட்டது 1988-ல். முதல் கரண்ட் கம்பியில் ஏறியது 2013-ல். நிச்சயதார்த்தத்துக்கு வெள்ளி விழாவே வந்துவிட்டது, அப்போதுதான் குழந்தை! கல்பாக்கத்தில் 500 மெகாவாட் ஈனுலை வேலை 2004-ல் ஆரம்பித்தது, 2010-ல் முடியும் என்றார்கள். உலையின் மையப் பகுதியை நிரப்ப ஆரம்பித்ததே 2024 மார்ச்சில். பறக்கும் ரயிலுக்கும் இதற்கும் ஏதோ ஜாதகப் பொருத்தம் இருக்கிறது.

"ஃபுகுஷிமா?" என்றார் பெரியவர்.

"2004-ல சுனாமி கல்பாக்கத்துக்கும் வந்துச்சு சார். ஓடிட்டிருந்த உலையை பத்திரமா நிறுத்திட்டாங்க."

"உலை தப்பிச்சுது தம்பி. பக்கத்துல ஊழியர் குடியிருப்புல செத்துப் போனாங்களே, அவங்க?"

தம்பி பேசவில்லை. இரண்டு பேர் சொன்னதும் உண்மை. அதுதான் இந்த விஷயத்தில் உள்ள சங்கடம்.

பற்று - வரவு

ராதாபுரத்துக்காரர் அப்போதுதான் வாயைத் திறந்தார்.

"நான் உலை வேண்டாம்னும் சொல்லல, வேணும்னும் சொல்லல. 2011-ல சப்பான்ல வெடிச்சதை டிவியில பாத்தோம். எங்க ஊர் உலை அப்ப துவங்கவே இல்ல. பயந்தோம். கேட்டோம். 2012-ல இடிந்தகரைக் கடற்கரையில என்ன நடந்துச்சுன்னு பேப்பர்ல படிச்சிருப்பீங்க. இப்ப கேக்கது ஒண்ணுதான். எரிஞ்சு முடிச்ச எரிபொருளை எங்கன வைக்கப் போறாவ? நீங்க ஏ.சி. போட்டுத் தூங்குதீங்க, சந்தோசம். எங்க அம்மை முழிச்சிட்டு கெடக்கா. அதை எந்த பில்லுல எழுதுவீங்க?"

பெட்டி கொஞ்ச நேரம் அமைதியாக இருந்தது. எனக்கு என் காலேஜ் அக்கவுன்டன்ஸி ஞாபகம் வந்தது. ஒவ்வொரு பற்றுக்கும் சமமான ஒரு வரவு உண்டு. இல்லையென்றால் பேலன்ஸ் ஷீட் டேலி ஆகாது. நகரத்தின் கணக்குப் புத்தகத்தில் நாம் வரவு மட்டும் எழுதுகிறோம். பற்றுப் பக்கத்தை யாரோ ஒருவர் ஊருக்கு அனுப்பிவிடுகிறோம்.

கரண்ட் நமக்கு, கவலை 600 கிலோமீட்டருக்கு அப்பால். ஐ.டி. ரோடு நமக்கு, இழப்பு பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்கு. (2022-ல் அதை சர்வதேச ராம்சார் பட்டியலில் சேர்த்தார்கள். அதற்குள் பெரும் பகுதி பட்டாவாகிவிட்டது. தண்ணீர் 2015 டிசம்பரில் தன் பழைய விலாசத்தைத் தேடி வந்தது.) கூவம் கரையை அழகுபடுத்துவது நமக்கு. அங்கே இருந்தவர்களைக் கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் அனுப்பிவிட்டோம். வீட்டு வேலைக்கு நகரத்துக்குள் வர அவர்கள் விடிவதற்கு முன் பஸ் பிடிக்கிறார்கள்.

அதனால் என் பி.காம். புத்திக்குப் படுவது இது. உலை வேண்டுமா, வேண்டாமா என்பது இரண்டாவது கேள்வி. முதல் கேள்வி, நமக்கு எவ்வளவு கரண்ட் தேவைப்படுகிற மாதிரி ஊரைக் கட்டப் போகிறோம்? இரும்புத் தண்டவாளத்தில் இரும்புச் சக்கரம் உருளுவது போலச் சிக்கனம் வேறு இல்லை. ஒரு பஸ்ஸில் நெருக்கியடித்து 60 பேர் போகிறோம். அதே 60 பேர் ஆளுக்கு ஒரு காரில் வந்தால் கிண்டி வரை அடைப்பு. அது பெட்ரோல் காரானாலும் ஒன்றுதான், கரண்ட் காரானாலும் ஒன்றுதான். புகை குறையும், ஹாரன் குறையாது.

வீட்டை ஸ்டேஷன் பக்கத்தில் கட்டு, ஸ்டேஷனை பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் வை, சதுப்பு நிலத்தை விட்டுவிடு. இதைச் செய்த பிறகும் கரண்ட் போதவில்லையென்றால் உலையைப் பற்றிப் பேசலாம். ஆனால் அப்போது ராதாபுரத்துக்காரரின் அம்மாவையும் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார வைத்துப் பேச வேண்டும். சென்னைப் பெருநகர எல்லையை 2022-ல் 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 ஆக விரித்துவிட்டார்கள். விரித்த பாயில் யாரை எங்கே படுக்க வைப்பது என்பதுதான் இனிமேல் திட்டம்.

கோட்டை ஸ்டேஷன் வந்தது. தம்பி இறங்கும்போது ராதாபுரத்துக்காரரிடம், "சாரி சார், நான் அப்படி யோசிக்கலை" என்றான். அவர், "நாளைக்கு எனக்கு ஜன்னல் சீட் போட்டு வை, போதும்" என்றார்.

சாயங்காலம் அட்வான்ஸ் கொடுக்கப் போகவில்லை. செக் இன்னும் பீரோவில் இருக்கிறது. வாடகை வீட்டிலேயே ராத்திரி எட்டு மணிக்கு சாப்பிட்டேன். பெண் முழித்திருந்தாள்.

"ஏங்க, ஃபிளாட் என்னாச்சு?" என்றாள் மனைவி.

"கணக்கு டேலி ஆகலை" என்றேன்.