டெல்லி ராப் என்றால் சேலை

எதிர்வீட்டு அம்மா பென்சிலை மேசைமேல் வைத்துவிட்டுப் பத்திரிகையை என் பக்கம் திருப்பினார். நான்கு கட்டம். அதற்கான குறிப்பு இரண்டே சொல்: 'டெல்லி ராப்'.

நியூயார்க்கில் 'டெலி' என்றால் தெருமுனையில் ரொட்டியும் இறைச்சித் துண்டும் விற்கிற கடை. 'ராப்' என்றால் அங்கே சப்பாத்தி போன்ற ஒன்றில் காயோ கறியோ வைத்துச் சுருட்டித் தருவது. டெல்லி என்ற ஊரையும் அவர்கள் 'டெலி' என்றுதான் சொல்வார்கள். எழுத்தில் ஓர் 'எச்' கூடும், அவ்வளவுதான். அதனால் அரை மணி நேரமாக அவர் தின்பண்டங்களின் பெயர்களையே போட்டுப் போட்டு அழித்துக்கொண்டிருந்தார். நான் என் முந்தானையைப் பார்த்தேன். ராப் என்றால் உடம்பில் சுற்றிக்கொள்வதும்தானே? "சாரி," என்றேன். "எதற்கு மன்னிப்புக் கேட்கிறாய்?" என்றார். முந்தானையைத் தூக்கிக் காட்டினேன். எஸ், ஏ, ஆர், ஐ. நான்கு கட்டமும் நிரம்பின.

இது 1998இல், குவீன்ஸ் பகுதியின் ஜாக்சன் ஹைட்ஸில் நடந்தது. நான் மன்னார்குடியிலிருந்து போய் நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன. அவர் ஓர் அச்சகத்தில் மெய்ப்புத் திருத்தி ஓய்வு பெற்றவர், தனியாக இருந்தார். அந்த ஞாயிறு தொடங்கி அவர் காலமாகும்வரை பதினொரு ஆண்டுகள், ஞாயிறு காலை பத்து மணிக்கு அவர் மேசையில் எனக்கும் ஒரு நாற்காலி இருந்தது. எழுத்து விளையாட்டுக்குப் பொருத்தமான பேட்டைதான் அது. வேலை இழந்த கட்டடக் கலைஞர் ஆல்ஃப்ரெட் பட்ஸ், ஸ்கிராபிள் விளையாட்டை உருவாக்கியது ஜாக்சன் ஹைட்ஸில்தான். அதன் நினைவாக 35ஆம் அவென்யூவின் பெயர்ப்பலகை ஒன்றில், ஒவ்வோர் எழுத்தின் கீழும் அந்த விளையாட்டின் மதிப்பெண் போட்டிருப்பார்கள்.

நாங்கள் போட்டது நியூயார்க் டைம்ஸ் இதழின் ஞாயிற்றுக்கிழமைக் குறுக்கெழுத்து. பக்கத்துக்கு 21 கட்டம், மொத்தம் 441. மற்ற நாள்களில் 15க்கு 15தான். கறுப்புக் கட்டங்கள் போடுவதிலும் ஒழுங்கு உண்டு. பத்திரிகையைத் தலைகீழாகப் பிடித்தாலும் அதே கோலம்தான் தெரியும். இரண்டெழுத்துச் சொல்லுக்கு இடமில்லை. எல்லாவற்றையும்விட முக்கியமானது, ஒவ்வோர் எழுத்தும் இடமிருந்து வலம் ஒரு சொல்லிலும் மேலிருந்து கீழ் ஒரு சொல்லிலும் நிற்க வேண்டும் என்ற விதி. ஒரு சொல் தெரியாவிட்டால் அதைக் குறுக்கே வெட்டும் சொற்கள் ஒவ்வோர் எழுத்தாகக் கொண்டுவந்து கொடுத்துவிடும். பேஸ்பால் மட்டையைக் கையால் தொட்டதில்லை நான். ஆனால் மெல் ஆட் என்ற பேஸ்பால் வீரரை எனக்கு நன்றாகத் தெரியும். ஓ, டி, டி என்ற அவருடைய மூன்றெழுத்துப் பெயர், கட்டம் கட்டுகிறவர்களுக்கு அத்தனை வசதி. ராகா, ராணி, நான் ரொட்டி ஆகியவை நம் பக்கத்திலிருந்து போய் அடிக்கடி உட்காருவதும் அதே காரணத்தால்தான்.

வாரநாள் புதிர்கள் திங்களன்று எளிதாகத் தொடங்கி நாளுக்கு நாள் இறுகும். மிகக் கடினமானது சனிக்கிழமை. ஞாயிறு அளவில்தான் பெரியது, கடினத்தில் வாரத்தின் நடுப்பகுதிக்குச் சமம். ஆனால் ஞாயிறுக்கு மட்டும் ஒரு தலைப்பு உண்டு. அந்தத் தலைப்புதான் வீட்டின் சாவி.

குறிப்புகளைப் படிப்பதில் அந்த அம்மா எனக்கு முதலில் சொல்லித்தந்தது, கேள்விக்குறியைக் கவனிக்க வேண்டும் என்பது. குறிப்பின் முடிவில் கேள்விக்குறி இருந்தால் அங்கே சொல் விளையாடுகிறது என்று பொருள். 'லண்டனின் ஃப்ளவர்?' என்று கேட்டால் பூவைத் தேடக் கூடாது. ஃப்ளோ என்றால் ஓடு. ஃப்ளோ-அர் என்றால் ஓடுவது. லண்டனில் ஓடுவது தேம்ஸ். எச்சரிக்கை இல்லாமலும் ஏமாற்றுவார்கள். 'நைஸ் நண்பர்' என்று இருக்கும். குறிப்பின் முதல் எழுத்து எப்போதும் பெரிய எழுத்து என்பதால், இனிமையான என்ற பொருளுள்ள நைஸா, அதே எழுத்துகள் கொண்ட நீஸ் என்ற பிரெஞ்சு நகரமா என்று கண்ணுக்குப் பிடிபடாது. நகரம் என்று பிடிபட்டால், நண்பருக்குப் பிரெஞ்சில் 'அமி'. மூன்று எழுத்து, முடிந்தது.

என் அப்பா தமிழாசிரியர். பாம்புக்கும் வாழைப்பழத்துக்கும் காளமேகம் சிலேடை பாடிய கதையைச் சோற்றுக்கு நடுவே சொல்லி வளர்த்தவர். சொல் முழுசாக நின்றபடியே இரண்டு பொருள் தந்தால் செம்மொழிச் சிலேடை, பிரித்தால் வேறு பொருள் தந்தால் பிரிமொழிச் சிலேடை என்று தண்டியலங்காரம் வகுத்திருப்பதையும் அவர் சொல்லித்தான் அறிவேன். நீஸ் முதல் வகை, ஃப்ளோ-அர் இரண்டாம் வகை. எதிர்வீட்டு அம்மாவிடம் இதைச் சொன்னபோது, "இதற்கு உங்கள் ஊரில் இலக்கணமே எழுதி வைத்திருக்கிறீர்களா?" என்று கேட்டு, இரண்டு பெயர்களையும் ஆங்கில எழுத்தில் எழுதச் சொல்லி வாங்கி வைத்துக்கொண்டார்.

இனி ஞாயிற்றின் கருப்பொருளுக்கு வருகிறேன். எப்படி இருக்கும் என்று காட்ட நானே ஒன்று கட்டுகிறேன். தலைப்பு 'ஹார்ட்', அதாவது இதயம். நீளமான விடைகளில் ஒன்றுக்குக் குறிப்பு 'காதலி'. ஸ்வீட்ஹார்ட் என்று தெரிகிறது, ஆனால் பத்தெழுத்துச் சொல்லுக்கு ஆறே கட்டம்தான். தப்பு என்று அழித்துவிடுவோம். இன்னோர் இடத்தில் 'நெஞ்செரிச்சல்'. ஹார்ட்பர்ன் என்ற ஒன்பதெழுத்துச் சொல், ஐந்து கட்டம். ஒவ்வொன்றிலும் நான்கு எழுத்துக்கு இடம் போதவில்லை. இங்கேதான் நெஞ்சு படபடக்கும். எச், ஈ, ஏ, ஆர், டி என்ற ஐந்தெழுத்தையும் ஒரே கட்டத்தில் திணிக்க வேண்டும்! புரிந்ததும் ரப்பரை எடுத்துவைத்துவிட்டு மற்ற இதயங்களைத் தேடலாம்.

அவற்றில் ஒன்று மட்டும் கிடைக்காது. குறிப்பு, 'சுன் ட்சுவின் போர் நூல்'. விடை தி ஆர்ட் ஆஃப் வார். இதில் இதயம் எங்கே? காது கொடுத்துக் கேட்டால் இல்லை. எழுத்தெழுத்தாகப் பாருங்கள்: டி, எச், ஈ, ஏ, ஆர், டி. முதல் எழுத்தைத் தள்ளினால் இரண்டு சொல்லின் நடுவே ஒரு முழு இதயம் படுத்திருக்கிறது. இதற்காகத்தான் ஞாயிற்றுக்கிழமை. இதை அமைத்தவர் நம்மைத் தோற்கடிக்க நினைத்திருந்தால் தலைப்பே வைத்திருக்கமாட்டார். கண்டுபிடிக்கப்பட வேண்டும் என்றே ஒளித்துவைக்கிறார்.

1913 டிசம்பர் 21 அன்று நியூயார்க் வேர்ல்ட் நாளிதழில், லிவர்பூலில் பிறந்த ஆர்தர் வின் வைர வடிவத்தில் வெளியிட்டதுதான் முதல் குறுக்கெழுத்து. அதை இன்றைய ஒழுங்குக்குக் கொண்டுவந்தவர் மார்கரெட் ஃபரார் என்ற பெண்மணி. அதே நாளிதழில் புதிர்களைச் சரிபார்த்தவர். 1924இல் உலகின் முதல் குறுக்கெழுத்துப் புத்தகத்தை மற்ற இருவருடன் சேர்ந்து தொகுத்தார். அந்த ஆண்டு இந்த மோகத்தைப் பாவகரமான வீண்செலவு என்று எழுதியது நியூயார்க் டைம்ஸ். பேர்ல் ஹார்பர் தாக்குதல் நடந்து இரண்டே மாதத்தில், 1942 பிப்ரவரி 15 ஞாயிறன்று, அந்தப் பத்திரிகையே குறுக்கெழுத்தைத் தொடங்கி, ஃபராரையே ஆசிரியராக அமர்த்திக்கொண்டது. போர்ச் செய்திகளைப் படித்துக் களைத்த கண்களுக்கு ஒரு புகலிடம் வேண்டியிருந்தது.

எதிர்வீட்டு அம்மா பத்திரமாக மடித்து வைத்திருந்த ஒரு புதிர் ஞாயிற்றுக்குரியது இல்லை, செவ்வாய்க்குரியது. 1996 நவம்பர் 5, அமெரிக்க அதிபர் தேர்தல் நாள். நாளைய தலைப்புச் செய்தி என்ன என்று நடுவில் ஒரு கேள்வி; ஏழெழுத்து. கிளின்டன் என்று போட்டவர்கள், வாக்கு எண்ணும் முன்பே எப்படி முடிவைச் சொல்லலாம் என்று பத்திரிகைக்குத் தொலைபேசியில் சண்டை போட்டார்கள். ஆனால் எதிர்த்து நின்ற பாப் டோல் பெயரும் அதே ஏழு கட்டத்தில் சரியாக உட்காரும்! குறுக்கே வெட்டும் குறிப்பு ஒவ்வொன்றுக்கும் இரண்டு விடை வைத்திருந்தார் ஜெரிமையா ஃபாரெல் என்ற கணிதப் பேராசிரியர். ஹாலோவீன் நாளின் கறுப்புப் பிராணி எது? பூனை என்றால் 'சி'யில் தொடங்கிக் கிளின்டன் வருவார். வௌவால் என்றால் 'பி'யில் தொடங்கி டோல் வருவார். நான் பார்த்தவற்றில் இதற்கு மேல் ஒரு புதிர் இல்லை.

போன ஆண்டு மன்னார்குடிக்கே திரும்பிவிட்டேன். நம் வார இதழ்களின் குறுக்கெழுத்துகளையும் விடாமல் போடுகிறேன். அவற்றில் பெரும்பாலும் 'இமயத்தில் பிறக்கும் நதி' என்பது போன்ற நேரான கேள்விகளே வருகின்றன. நம் மொழி இதைவிட எவ்வளவோ தரும். தமிழில் ஒரு கட்டத்துக்கு ஓர் உயிர்மெய் என்பதே ஒளிக்கக் கிடைத்த பெரிய வசதி. உயிரெழுத்து போய் மெய்யோடு ஒட்டிக்கொண்டால் கண்ணுக்குத் தெரியாது, காதுக்கு மட்டும் கேட்கும். ஆங்கிலத்தில் அந்த இதயம் மறைந்திருந்ததற்கு நேர்மாறு இது.

சென்ற வாரம் ஒன்று அமைத்துப் பார்த்தேன். தலைப்பு 'ஆறு'. பழைய காலம் முழுக்க ஓடும் நதி? நான்கு கட்டம், வரலாறு. ஓடாத வண்டிக்குள் ஓடும் நதி? மூன்று கட்டம், கோளாறு. இரண்டு பேர் முறைத்தால் பெருகும் நதி? மறுபடி நான்கு, தகராறு.

ஞாயிறு இணைப்பு நடத்தும் ஆசிரியர்களைக் கேட்டுக்கொள்கிறேன்: தலைப்போடு, கருப்பொருளோடு, வாரம் ஒரு புதிருக்கு அரைப் பக்கம் ஒதுக்குங்கள். அமைத்துத் தரச் சிலேடை அறிந்தவர்கள் இங்கே ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். வாசகர்கள் ஒரு பென்சிலை எடுத்துக்கொள்ளுங்கள். என் ஆற்றின் கடைசிக் குறிப்பை உங்களுக்கு விட்டுவிடுகிறேன்: மணமக்களை வாழ்த்தும்போது பெரியவர்கள் ஓடவிடும் நதி? நான்கு கட்டம்.