திரண்ட பீரங்கிகளும் அவற்றின் பின்னே நின்ற வண்டிகளும்

நெப்போலியன் காலப் போர்களைப் பாடநூல்கள் விவரிக்கும்போது, "நூறு பீரங்கிகள் ஒரே இடத்தில் முழங்கின" என்று ஒரு வரியில் முடித்துவிடுகின்றன. நூறு பீரங்கிகள் ஒரே இடத்திற்கு எவ்வாறு வந்து சேர்ந்தன என்பதை அவை கூறுவதில்லை. ஒரு 12 பவுண்டுப் பீரங்கியை இழுக்க ஆறு குதிரைகள் தேவை. அதற்கு வேண்டிய குண்டும் மருந்தும் சுமக்க மூன்று வண்டிகள் உடன்வர வேண்டும். அவற்றிற்கும் தனித்தனியே குதிரைகள் வேண்டும். சிறிய பீரங்கிகளுக்கு இத்தேவை குறைவு என்றாலும், நூறு பீரங்கிகள் நகர்ந்தன எனில் ஆயிரத்திற்கும் மேற்பட்ட குதிரைகளும் சில நூறு வண்டிகளும் நகர்ந்தன என்றே பொருள். இந்த ஊர்வலத்தை ஒழுங்குபடுத்தியதே பிரெஞ்சுப் பீரங்கிப்படையின் முதன்மையான சாதனை என்பது நம் கருத்து.

இங்கே சொல்லைப் பற்றியும் ஒரு சொல். ஐரோப்பியரைக் குறிக்கும் 'பரங்கி' என்னும் சொல்லோடு உறவுடையது நம் 'பீரங்கி'. கருவியைக் கொண்டுவந்தவர் பெயரே கருவிக்கும் ஆயிற்று. ஆனால் பல பீரங்கிகளை ஓர் அலகாகச் சேர்த்துக் கூற நம்மிடம் நிலைபெற்ற சொல் இல்லை. இக்கட்டுரையில் 'தொகுதி' என்றே வழங்குகிறோம்.

இந்த அமைப்பின் வேர் நெப்போலியனுக்கு முற்பட்டது. 1765 முதல் கிரிபோவால் என்னும் படைத்தலைவர் பிரெஞ்சுப் பீரங்கிகளைச் சீரமைத்தார். போர்க்களத்திற்கு 4, 8, 12 பவுண்டுப் பீரங்கிகளும் ஹவிட்சர் என்னும் குட்டைக் குழாய்ப் பீரங்கியும் போதும் என்று வரையறுத்தார். குழாயின் நீளத்தையும் எடையையும் குறைத்தார். சக்கரமும் அச்சும் அளவு மாறாமல் செய்யப்பட்டதால், உடைந்த வண்டியின் உறுப்பை மற்றொன்றிலிருந்து எடுத்துப் பொருத்த முடிந்தது. பீரங்கியின் வாயை உயர்த்தவும் தாழ்த்தவும் திருகாணி வந்தது. 1778-இல் வெளிவந்த நூலொன்றில் ழான் து தேல் என்பவர், பீரங்கிகளைச் சிதறவிடாமல் பகைவரின் அணி உடையவேண்டிய இடத்தில் குவிக்க வேண்டும் என்று வலியுறுத்தினார். அவருடைய அண்ணன் தலைமை வகித்த ஓசோன் நகரப் பீரங்கிப் பள்ளியில்தான் இளம் அதிகாரியாக நெப்போலியன் பயின்றார்.

ஒரு குறை எஞ்சியிருந்தது. பீரங்கிகளை ஓட்டியவர்கள் படைவீரர்கள் அல்லர்; ஒப்பந்தக்காரர்கள் அமர்த்திய கூலியாட்கள். குண்டு விழத் தொடங்கினால் குதிரைகளோடு விலகிச் செல்ல அவர்களுக்குத் தடை ஏதும் இல்லை. 1800-இல் ஓட்டுநர்கள் படையின் ஓர் அங்கமாக்கப்பட்டு, சீருடையும் கட்டுப்பாடும் பெற்றனர். வரலாற்று நூல்களில் அரை வரி பெறும் இம்மாற்றம் இல்லையேல், பின்னர் நிகழ்ந்த எதுவும் நிகழ்ந்திராது.

களத்தில் காலாட்படையோடு செல்லும் பீரங்கிக் குழு பொதுவாக எட்டுப் பீரங்கிகளைக் கொண்டது. குதிரைப் பீரங்கிக் குழுவுக்கு ஆறு. சில குழுக்கள் படைப்பிரிவுகளோடு இருந்தன. கனமான 12 பவுண்டுப் பீரங்கிகள் பெரும்படைத் தலைவரின் கையிருப்பாக நின்றன. அனைத்திற்கும் மேலே காவற்படையின் பீரங்கிகள் பேரரசரின் நேரடி ஆணையில் காத்திருந்தன. பெருந்தொகுதி என்பது நிலையான அலகன்று. போர் நடக்கும்போதே பலரிடமிருந்து பறித்துக் கூட்டுவது. தம் பீரங்கிகளை இழக்கும் படைப்பிரிவுத் தலைவர்கள் முணுமுணுத்ததில் வியப்பில்லை.

1807 ஜூன் 14-இல் ஃப்ரீட்லாண்டில் நிகழ்ந்ததை ஆசிரியர்கள் வகுப்பில் விரிவாகவே கூறலாம். ரஷ்யப் படை ஆற்றின் வளைவுக்குள், பின்வாங்க வழி குறுகிய இடத்தில் நின்றது. முதலாம் பெரும்படையின் பீரங்கித் தலைவர் சேனார்மோன், 36 பீரங்கிகளைத் திரட்டினார். பதினைந்து பதினைந்தாக இரு தொகுதிகள்; ஆறு கையிருப்பு. தொலைவில் நின்று சுடுவதோடு அவர் அமையவில்லை. ஏறத்தாழ 400 மீட்டரில் தொடங்கி, பாதித் தொலைவுக்கு நகர்ந்து, மீண்டும் நெருங்கி, இறுதியில் அறுபது தப்படி அளவுக்கே சென்றார். இவ்வளவு முன்னே தனித்துச் செல்வதைக் கண்டு கவலையுற்ற நெப்போலியன், துணை அதிகாரி ஒருவரை அனுப்பி வினவினார். சேனார்மோன் தம்மைத் தம் போக்கில் விடுமாறு சொல்லியனுப்பினார். அந்த நெருக்கத்தில் இரும்பு உருண்டைக்கு வேலை இல்லை. தகரப் பேழையில் அடைத்த சிறு குண்டுகள் வாயை விட்டதும் விரிந்து பரவும். அன்று சுட்ட ஏறத்தாழ 2,500 குண்டுகளில் இரும்பு உருண்டைகள் 400-க்கும் குறைவு. அரைமணி நேரத்திற்குள் ரஷ்ய அணியின் நடுப்பகுதி குலைந்தது. பக்கவாட்டில் பாய்ந்த குதிரைப்படையையும் பீரங்கிகளைத் திருப்பியே விரட்டினர். ஒவ்வொரு வெடிக்கும் பின்னுதைக்கும் பீரங்கியை ஆட்கள் கையால் முன்தள்ள வேண்டும் என்பதை நினைத்தால், அந்த அரைமணி நேரத்தின் உழைப்பு விளங்கும்.

1809 ஜூலை 6, வாக்ராம். பிரெஞ்சு அணியில் இடைவெளி விழுந்தபோது அதை அடைக்கக் காலாட்படை அருகில் இல்லை. லோரிஸ்தோன் தலைமையில் நூற்றுக்கும் மேற்பட்ட பீரங்கிகள் அவ்விடத்தில் நிறுத்தப்பட்டன. அவற்றுள் 60 காவற்படையினுடையவை. ஃப்ரீட்லாண்டில் பீரங்கி உளியாயிற்று, இங்கே சுவராயிற்று. சுவர் நின்றது, அதன் மறைவில் மக்டொனால்டின் காலாட்படை தாக்குதலுக்கு அணிவகுத்தது. ஆனால் ஆஸ்திரியப் பீரங்கிகள் திருப்பிச் சுட்டதில் பீரங்கியாளர் பலர் மாண்டனர். அவர்களிடத்தை நிரப்பக் காவற்படைக் காலாட்களிடமிருந்து தன்னார்வலர்களை அழைக்க நேர்ந்தது. நெப்போலியனின் திறமைக்குச் சான்றாகவே இதைப் பலர் எழுதுவர். அனுபவம் மிக்க காலாட்களை இழந்துவந்த படை, அக்குறையை இரும்பால் ஈடுசெய்யத் தொடங்கியதன் அடையாளமாகவும் நாம் இதைக் காண்கிறோம்.

வாட்டர்லூவில் 1815 ஜூன் 18 அன்று ஏறத்தாழ 80 பீரங்கிகள் திரண்டன. இரவு மழையால் நிலம் சேறாகியிருந்தது. நிலத்தில் பட்டுத் துள்ளிப் பாயவேண்டிய உருண்டைகள் பல அங்கேயே புதைந்தன. வெலிங்டன் தம் வீரர்களில் பெரும்பாலோரைக் குன்றின் மறுசரிவில் நிறுத்தியிருந்தார். பின்னர்ப் பிரிட்டிஷ் குதிரைப்படை தொகுதிக்குள்ளேயே புகுந்தது. பீரங்கிகளை அவர்களால் இழுத்துச் செல்ல இயலவில்லை. ஆகவே பீரங்கியாளர்களையும் ஓட்டுநர்களையும் குதிரைகளையும் வெட்டினர். இழுக்கக் குதிரையும் ஓட்ட ஆளும் இல்லாத பீரங்கிகள் பல சேற்றில் அப்படியே நின்றன.