இமயத்தின் டிரைலோபைட்டுகளுக்குச் சட்டப் பாதுகாப்பு எப்போது?

புது தில்லி: கோயில் சிலையைக் கடத்துவோரைத் தண்டிக்க 1972-ம் ஆண்டின் தொல்பொருள் சட்டம் உள்ளது. ஆனால் 50 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய உயிரினத்தின் கல்லுருவை இமயமலையிலிருந்து பெயர்த்துச் செல்வோரைத் தடுக்கத் தனிச் சட்டம் இல்லை என்பதை, மத்திய சுரங்க அமைச்சகம் 2022 டிசம்பரில் வெளியிட்ட வரைவு மசோதாவின் விளக்கக் குறிப்பே ஒப்புக்கொண்டது.

ஹிமாசலப் பிரதேசத்தின் ஸ்பிட்டி பகுதியில் உள்ள பராஹியோ பள்ளத்தாக்கு ஒரு காலத்தில் கடலடியாக இருந்தது. அதற்குச் சான்று கூறுபவை அங்குள்ள டிரைலோபைட் புதைபடிவங்கள். நீளவாக்கில் மூன்று பகுதிகளாகப் பிரிந்த ஓடுடைய இக்கடல் உயிரினங்கள், சுமார் 25 கோடி ஆண்டுகளுக்கு முன் முற்றிலும் அழிந்தன. ஒவ்வொரு காலத்துக்கும் தனித்தனி இனங்கள் வாழ்ந்ததால், பாறையின் வயதைக் கணிக்க இவை உதவுகின்றன.

இந்திய நிலவியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த ஹென்றி ஹைடன் இங்கு சேகரித்தவற்றை, எஃப்.ஆர்.சி. ரீட் ஆராய்ந்து 1910-ல் நூலாக வெளியிட்டார். எந்தப் படிவம் எந்தப் பாறை அடுக்கில் கிடைத்தது என்பதை ஹைடன் குறித்து வைத்திருந்தார். அதனால்தான் நூறாண்டுகளுக்குப் பிறகு வந்த ஆய்வாளர்களால் அதே அடுக்குகளை இனம்கண்டு, அவற்றின் காலத்தைத் திருத்தமாக வரையறுக்க முடிந்தது.

இடமும் அடுக்கும் தெரியாமல் பெயர்க்கப்பட்ட படிவம் வெறும் அலங்காரக் கல்லே. அதே ஸ்பிட்டியின் லாங்ஸா கிராமத்தில், பிற்காலத்தைச் சேர்ந்த அம்மோனைட் படிவங்கள் சுற்றுலாப் பயணிகளுக்கு விற்கப்பட்டு வந்தது பலரும் அறிந்ததே. விலை உண்டென்றால் எந்தப் படிவமும் தப்பாது.

நிலவியல் மரபிடங்களைச் சேதப்படுத்துவோருக்கு 6 மாதம் வரை சிறை அல்லது ரூ.5 லட்சம் வரை அபராதம் அல்லது இரண்டும் விதிக்க வரைவு மசோதா வகைசெய்தது. எனினும், அதிகாரம் முழுவதும் நிலவியல் ஆய்வுத் துறையிடமே குவிவதால் பல்கலைக்கழக ஆய்வுகள் முடங்கக்கூடும் என்று அறிவியலாளர்கள் சிலர் கவலை தெரிவித்தனர்.

இக்கவலை புறந்தள்ளத்தக்கதல்ல. குறிப்பேட்டுடன் வரும் மாணவரையும் பையுடன் வரும் வியாபாரியையும் ஒரே தட்டில் வைக்கும் சட்டம், கல்லைக் காக்கலாம், அறிவைக் காக்காது. திருவக்கரை, சாத்தனூர் கல்மரங்கள் நிலவியல் நினைவுச் சின்னங்களாக அறிவிக்கப்பட்ட தமிழகத்துக்கும் இதில் அக்கறை உண்டு. இரு தரப்பையும் பிரித்தறியும் சட்டத்தை வகுப்பது நாடாளுமன்றத்தின் பொறுப்பு. பெயர்க்கப்பட்ட படிவத்தைத் தேடிப் பிடித்து மீட்கலாம். அது இருந்த அடுக்கின் விவரத்தை எந்தத் தீர்ப்பாலும் மீட்க முடியாது.