‘கண்டுகொள்ளாமல் படி’ என்னும் அறிவுரையும் பள்ளியின் சட்டக் கடமையும்

பள்ளி வாழ்வின் அன்றாடச் சிக்கல்களுக்கு ஆசிரியர்கள் கூறும் அறிவுரைகள் நாம் அறிந்தவையே. அன்றைய பாடத்தை அன்றே படி. தேர்வைக் கண்டு அஞ்சாதே. கேலி பேசுவோரைக் கண்டுகொள்ளாதே. இவற்றுள் மூன்றாவது அறிவுரை எல்லா மாணவர்க்கும் ஒரே பொருளைத் தருவதில்லை. மூக்குக் கண்ணாடியைக் கேலி செய்வது ஒன்று. தெருவின் பெயரைக் கேட்டதும் பக்கத்து மாணவர் இருக்கையை மாற்றிக்கொள்வதும், கல்வி உதவித்தொகைப் பட்டியலை வகுப்பில் உரக்கப் படிக்கையில் சிரிப்பு எழுவதும், கழிப்பறையைக் கழுவக் குறிப்பிட்ட சில பிள்ளைகள் மட்டும் அனுப்பப்படுவதும் வேறு. இவற்றுக்கும் ‘கண்டுகொள்ளாமல் படி’ என்பதே விடையாகக் கிடைக்கிறது. அந்த விடை என்ன விளைவை உண்டாக்குகிறது, அதற்கு மாற்றாக ஆசிரியர் என்ன செய்ய வேண்டும் என்பதை இங்கு விளக்க முற்படுகிறோம்.

இவ்வாறு கூறும் ஆசிரியர்கள் அனைவரும் தீய எண்ணம் கொண்டவர்கள் என்று நாம் கருதவில்லை. அவர்களுள் பட்டியல் சமூகத்தவரும் உண்டு. தாம் பட்டதையெல்லாம் பொறுத்துக்கொண்டு படித்து வேலைக்கு வந்தவர்கள் அவர்கள். படிப்பே நம் விடுதலைக்கான வழி என்பதில் நமக்கும் மாற்றுக் கருத்தில்லை. ஆனால் இந்த அறிவுரையிலிருந்து மாணவர் கற்றுக்கொள்வது, சொல்லிப் பயனில்லை என்பதைத்தான். அடுத்த முறை அவர் சொல்ல மாட்டார். வருகை குறையும்; ஒருநாள் படிப்பு நிற்கும்; ‘தொடர் வருகையின்மை’ என்று பதிவேடு கூறும். அடிதடி நேர்ந்தால், ‘இதற்கு முன் புகார் ஏதும் வரவில்லை’ என்று பள்ளி நிர்வாகம் பதிலளிக்கும். வாய்மொழியாகக் கூறப்பட்டு, ‘விட்டுவிடு’ என்று முடித்துவைக்கப்பட்ட எதுவும் சட்டத்தின் கண்ணில் புகார் ஆவதில்லை.

சட்டம் இப்பொறுப்பைக் குழந்தையின் தலையில் வைக்கவில்லை. அரசமைப்பின் 17-ஆம் உறுப்பு தீண்டாமையை எந்த வடிவத்திலும் தடை செய்கிறது. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், 6 முதல் 14 வயது வரையிலான குழந்தைகளில் நலிந்த பிரிவினர் பாகுபாட்டுக்கு ஆளாகாமல் தொடக்கக் கல்வியை முடிப்பதை உறுதி செய்யும் கடமையை 8, 9 ஆகிய பிரிவுகளின்கீழ் அரசுக்கும் உள்ளாட்சி அமைப்புக்கும் விதிக்கிறது. அதன் 17-ஆம் பிரிவு உடல்ரீதியான தண்டனையோடு மனரீதியான துன்புறுத்தலையும் தடை செய்கிறது. மீறுவோர்மீது பணி விதிகளின்படி ஒழுங்கு நடவடிக்கை எடுக்கலாம். 32-ஆம் பிரிவின்கீழ் உள்ளாட்சி அமைப்பிடம் எழுத்துவடிவில் அளிக்கும் முறையீட்டின்மீது மூன்று மாதங்களுக்குள் முடிவெடுக்கப்பட வேண்டும்.

வயது வரம்பின்றிப் பொருந்துவது 1989-ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம். பட்டியல் சமூகத்தைச் சேராத ஒருவர், பட்டியல் சாதியினரையோ பழங்குடியினரையோ பொதுமக்கள் பார்வைக்குட்பட்ட இடத்தில் இழிவுபடுத்தும் நோக்குடன் வேண்டுமென்றே அவமதிப்பதும், சாதிப் பெயரைக் கூறி ஏசுவதும் 3(1)(ஆர்), 3(1)(எஸ்) ஆகிய பிரிவுகளின்படி குற்றங்கள். 2022-ஆம் ஆண்டு ஈரோடு மாவட்டத்தில் பட்டியல் சமூகக் குழந்தைகளைக் கழிப்பறை கழுவச் செய்த விவகாரத்தில் ஒரு தொடக்கப்பள்ளியின் தலைமையாசிரியர் கைது செய்யப்பட்டார்.

அப்படியானால் ‘உடனே புகார் கொடு’ என்பதுதான் சரியான அறிவுரையா? நாங்குநேரி நம்மை நிதானிக்கச் செய்கிறது. சக மாணவர்களின் தொல்லை தாளாமல் பள்ளிக்குச் செல்வதை நிறுத்தியிருந்த பன்னிரண்டாம் வகுப்பு மாணவர், அதைப் பள்ளியில் தெரிவித்ததைத் தொடர்ந்து 2023 ஆகஸ்டு 9 அன்று தம் வீட்டிலேயே அரிவாளால் வெட்டப்பட்டார். தடுக்க வந்த தங்கையும் வெட்டுப்பட்டார். இதிலிருந்து ‘புகார் கொடுத்தால் இதுதான் கதி’ என்னும் பாடத்தைப் பலர் எடுத்துக்கொண்டனர். நாம் எடுக்க வேண்டிய பாடம் வேறு: புகாரைப் பெறும் பள்ளி, புகார் அளித்தவரைப் பாதுகாக்கும் பொறுப்பையும் அக்கணமே ஏற்கிறது.

அச்சம்பவத்துக்குப் பின் தமிழ்நாடு அரசு அமைத்த ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையிலான ஒருநபர் குழு 2024 ஜூன் மாதம் அறிக்கை அளித்தது. சாதியைக் காட்டும் வண்ணக் கயிறுகளுக்குத் தடை, பள்ளிப் பெயர்களிலிருந்து சாதிப் பெயர் நீக்கம், மாணவர்களின் சாதி விவரத்தையும் உதவித்தொகை விவரத்தையும் வகுப்பறையில் வெளிப்படுத்தாமை, 500-க்கு மேற்பட்ட மாணவர்கள் பயிலும் பள்ளிகளில் பள்ளி நல அலுவலர் நியமனம் ஆகியவை அதன் பரிந்துரைகளுள் சில. இவற்றுள் உதவித்தொகை பெறும் மாணவரைத் தனியே அழைத்துப் பேசுவதற்கு அரசாணை வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. நல்லெண்ணம் கொண்ட ஆசிரியர் ஒருவர் நாளைக் காலையே அதைத் தொடங்கலாம்.

எனவே, மாணவர் வந்து சொல்லும்போது ஆசிரியர் செய்ய வேண்டியவை இவை. முதலாவதாக, வகுப்பின் முன் விசாரிக்காமல் தனியிடத்தில் கேட்க வேண்டும். ‘உன்மீதும் ஏதாவது தவறு இருக்கும்’ என்று தொடங்கக் கூடாது. இரண்டாவதாக, சொன்னதை அப்படியே எழுதித் தேதியிட்டுத் தலைமையாசிரியரிடம் அளித்து ஒப்புகை பெற வேண்டும். மூன்றாவதாக, புகார் அளித்தவரின் பெயரை எதிர்த்தரப்பிடம் வெளியிடுவதற்கு முன், அவர் வீடு திரும்பும் வழி, பேருந்து, விடுதி ஆகியவற்றில் பாதுகாப்பு உண்டா என்று பெற்றோருடன் கலந்து உறுதி செய்ய வேண்டும். மிரட்டலின் சாயல் தெரிந்தால் அன்றே காவல்துறைக்குத் தெரிவிக்க வேண்டும். நான்காவதாக, இருதரப்பையும் நிற்கவைத்துக் கைகுலுக்கச் செய்து முடிக்கும் ‘சமரசத்தை’த் தவிர்க்க வேண்டும். அது அடிபட்டவரையும் அடித்தவரையும் சமமாக்கிவிடுகிறது.

மாணவர்க்கு நாம் கூறுவது: நிகழ்ந்த நாள், நேரம், இடம், சொல்லப்பட்ட சொற்கள், உடனிருந்தோர் பெயர்கள் ஆகியவற்றை அன்றிரவே எழுதிவையுங்கள். உடனிருந்தோர் யார் என்பது மிக முக்கியம். பிறர் எவரும் இல்லாத நான்கு சுவர்களுக்குள் நிகழ்ந்த அவமதிப்பு ‘பொதுமக்கள் பார்வை’யில் நிகழ்ந்ததாகாது என்று ஹிதேஷ் வர்மா வழக்கில் 2020-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் கூறியது. தனியாகப் புகார் அளிக்கச் செல்லாதீர்கள். பெற்றோரையோ நம்பிக்கைக்குரிய பெரியவரையோ உடன் அழைத்துச் செல்லுங்கள். 1098 என்னும் குழந்தைகள் உதவி எண் இலவசமானது. காவல் நிலையம் புகாரைப் பெற மறுத்தால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு அஞ்சலில் அனுப்பலாம். வன்கொடுமை வழக்கில் முதல் தகவல் அறிக்கை பதிய முதற்கட்ட விசாரணை தேவையில்லை என்று 18ஏ பிரிவு கூறுகிறது.

ஒன்றை மறக்கலாகாது. கயிறு கட்டிக்கொண்டு வரும் மாணவரும் 18 வயது நிரம்பாத குழந்தையே. அவர்மீதான குற்றச்சாட்டை இளைஞர் நீதிக் குழுமமே விசாரிக்கும். அவர் கையில் அந்தக் கயிற்றைக் கட்டிவிட்ட பெரியவர்கள் வெளியே இருக்கிறார்கள். ஒவ்வொரு வகுப்பறைச் சொல்லையும் வழக்காக்குவது நம் நோக்கமன்று. ஆனால் முதல் சொல்லைப் பள்ளி முறையாகக் கையாண்டால் அரிவாள்வரை செல்ல வேண்டியதில்லை.

இதைப் படிக்கும் கல்லூரி மாணவர்களாகிய உங்களில் பலர் உங்கள் தெருவிலிருந்து கல்லூரிக்குச் சென்ற முதல் தலைமுறையினர். பள்ளியில் நடப்பதை ஒரு தம்பியோ தங்கையோ முதலில் சொல்வது உங்களிடமாகத்தான் இருக்கும். ‘நாங்களும் இதையெல்லாம் தாண்டித்தான் வந்தோம்’ என்று சொல்லி அனுப்பிவிடாதீர்கள். ஒரு தாளையும் பேனாவையும் எடுத்து, ‘என்றைக்கு நடந்தது, யார் யார் இருந்தார்கள்?’ என்று கேளுங்கள். மறுநாள் பள்ளிக்கு அவருடன் செல்லுங்கள்.