காடு விளையும் ஆண்டும் பொய்க்கும் ஆண்டும்

வயலின் விளைச்சலை அறுவடைக்கு முன்பே கண்ணளவால் மதிப்பிடுவது உழவர் வழக்கம். எவரும் உழாத, விதைக்காத காட்டின் விளைச்சலையும் அவ்வாறே மதிப்பிடும் வழக்கம் அமெரிக்க ஐக்கிய நாடுகளின் கிழக்குப் பகுதியில் உண்டு. அப்பலேச்சிய மலைத்தொடரின் காடுகளில், கோடையின் இறுதியில், வனவிலங்குத் துறையினர் மரங்களை அண்ணாந்து பார்த்துக் கிளைகளில் காய்த்திருப்பவற்றைக் குறித்துக்கொள்கின்றனர். மேற்கு வர்ஜீனியா மாநிலத்தில் ஒவ்வொரு மரவகையின் காய்ப்பும் மிகுதி, இயல்பு, குறைவு என மூன்று தரங்களாகப் பிரிக்கப்படுகிறது. மான் வேட்டைப் பருவத்தை ஒட்டி இம்மதிப்பீடு அறிக்கையாக வெளிவருகிறது. மரத்திலுள்ள காய்களுக்கும் மான் வேட்டைக்கும் என்ன தொடர்பு?

காட்டு மரங்கள் உதிர்க்கும் காய்கனிகளை அந்நாட்டார் 'மாஸ்ட்' என்னும் ஒரே சொல்லால் குறிப்பர். கடின ஓடுடையவற்றை வன்கனி என்றும் சதைப்பற்றுடையவற்றை மென்கனி என்றும் நாம் வழங்கலாம். காட்டுத் திராட்சை, கருஞ்செர்ரி, பெர்சிமன், காட்டு ஆப்பிள் முதலியன மென்கனிகள். அவை விரைவில் அழுகிவிடும். ஓக், ஹிக்கரி, பீச் ஆகிய மரங்களின் கொட்டைகள் வன்கனிகள். அவை சருகுகளுக்கிடையே நெடுநாள் கிடந்து, பனிக்காலத்திலும் விலங்குகளுக்கு உணவாகும். அவற்றுள் தலையாயது ஓக் கொட்டை. சிறு கிண்ணத்தில் பொருத்திய முட்டை போன்ற தோற்றமுடைய இக்கொட்டையில் மாவுச்சத்தும் கொழுப்பும் மிகுதி. வெண்வால் மான், கருங்கரடி, காட்டு வான்கோழி, அணில் முதலிய உயிரினங்கள் பலவும் குளிருக்கு முன் உடலைத் தேற்றிக்கொள்ள இதனையே நாடுகின்றன.

ஓக் மரங்களில் வெள்ளை ஓக், சிவப்பு ஓக் என இரு பெரும் பிரிவுகள் உள்ளன. வெள்ளை ஓக் இளவேனிலில் பூத்து அதே ஆண்டின் இலையுதிர் காலத்தில் முற்றிவிடும். துவர்ப்பு குறைந்திருப்பதால் மான்கள் முதலில் தேடுவது இதன் கொட்டையைத்தான். சிவப்பு ஓக் பூத்தபின் கொட்டை முற்ற அடுத்த ஆண்டின் இலையுதிர் காலம் வரை செல்லும். துவர்ப்பு மிக்க இக்கொட்டை குளிர்காலம் முழுவதும் முளைக்காமல் தரையில் கிடக்கும்.

இவ்வேறுபாட்டின் பயன் உறைபனி தாக்கும்போது விளங்கும். மரங்கள் பூத்திருக்கும் வேளையில் ஓரிரவு கடும் உறைபனி பெய்தால் பூக்கள் கருகிவிடும். வெள்ளை ஓக்கில் அதன் இழப்பு அவ்வாண்டே தெரியும். சிவப்பு ஓக்கிலோ மறு ஆண்டில்தான் வெளிப்படும். எனவே இருவகை மரங்களும் கலந்து வளரும் காடு ஒரே ஆண்டில் முற்றிலும் பொய்ப்பது அரிது. மலையுச்சியில் கருகிய பூ, கீழே தப்பியிருக்கவும் கூடும். ஒரு மலைச்சரிவை மட்டும் பார்த்துவிட்டு ஆண்டின் விளைச்சலைக் கூற முடியாது.

உறைபனி மட்டுமே காரணமன்று. பரந்த நிலப்பரப்பிலுள்ள ஓக் மரங்கள் ஓராண்டில் ஒருசேரக் காய்த்துக் குலுங்கும். பின்னர்ச் சில ஆண்டுகள் பெயரளவுக்கே காய்க்கும். இதற்கு அறிவியலார் ஒரு விளக்கம் தருகின்றனர். வறண்ட ஆண்டுகளில் உணவின்றிக் கொட்டை தின்னும் உயிர்களின் எண்ணிக்கை குறைகிறது. திடீரென விளைச்சல் பெருகும் ஆண்டில் எஞ்சியவை எவ்வளவு தின்றாலும் தீராமல், மீந்த கொட்டைகள் முளைத்து மரமாகின்றன. மேலும், காற்றால் மகரந்தம் பரவும் மரமாதலால் எல்லாம் சேர்ந்து பூப்பது சூல்கொள்ளவும் உதவுகிறது. நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் நீலக்குறிஞ்சியும் ஒருசேரப் பூப்பதே. ஆனால் குறிஞ்சிக்குப் பன்னிரண்டு ஆண்டு என்னும் கணக்குண்டு. ஓக்குக்கு அத்தகைய கணக்கில்லை. ஆண்டுதோறும் அண்ணாந்து பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை.

இனி மானுக்கு வருவோம். கொட்டை மிகுந்த ஆண்டில் மானின் காலடியிலேயே உணவு கிடக்கிறது. அது காட்டினுள்ளேயே தங்கிவிடுவதால், வயலோரத்தில் காத்திருக்கும் வேட்டைக்காரர் கண்ணில் படுவதில்லை. 'மான்கள் அருகிவிட்டன' என்னும் முறையீடு அப்போது எழும். உண்மையில் அவை கொழுத்து நலமாக இருக்கும் ஆண்டு அதுவே. கொட்டை பொய்த்த ஆண்டிலோ மான்கள் இரைதேடி வயல்களுக்கும் பழத்தோட்டங்களுக்கும் வருகின்றன; எளிதில் வேட்டையாடப்படுகின்றன. 'மான்கள் பெருகிவிட்டன' என்று அப்போது தோன்றும். இரண்டும் மயக்கமே.

இம்மயக்கத்தைச் சிறிய பிழையாகக் கருதிவிட முடியாது. மானை இரையாகக் கொண்ட ஓநாயும் மலைச்சிங்கமும் அம்மலைகளிலிருந்து நெடுங்காலத்துக்கு முன்பே அழிக்கப்பட்டுவிட்டன. இன்று மான்களின் எண்ணிக்கையைக் கட்டுக்குள் வைக்கும் முதன்மைக் கருவி வேட்டையே. எத்தனை மான்கள் வேட்டையாடப்பட்டன என்னும் கணக்கைக் கொண்டே காட்டிலுள்ள மான்கள் பெரிதும் மதிப்பிடப்படுகின்றன. கொட்டையால் நேர்ந்த குறைவை மானின் குறைவாகப் படித்தால் அடுத்த ஆண்டின் வேட்டை வரம்பு தவறாக வகுக்கப்படும். மான் கணக்கின் அருகில் கொட்டைக் கணக்கையும் வைத்துப் படிப்பது இதனால்தான்.

கருங்கரடிக்கு இன்னும் கடுமையான சோதனை. கோடையில் இணைசேர்ந்த பெண் கரடியின் கரு, இலையுதிர் காலம் முடியும்வரை கருப்பையில் பதியாமல் காத்திருக்கும். உடலில் போதிய கொழுப்பு சேராவிடில் அது பதியாமலே போய்விடும். காடு பொய்த்தால் குட்டிகள் குறைவதும், பசித்த கரடிகள் ஊருக்குள் நுழைவதும் இதன் தொடர்ச்சி.

அக்காடுகள் எப்போதும் ஓக் மரத்தையே நம்பியிருந்தவை அல்ல. அமெரிக்கச் செஸ்ட்நட் மரம் அங்குப் பெருவாரியாக வளர்ந்திருந்தது. உறைபனிக் காலம் கடந்த பின்னரே பூக்கும் இயல்பால் அது ஏறத்தாழ ஆண்டுதோறும் தவறாமல் காய்த்தது. ஆசியாவிலிருந்து வந்த பூஞ்சை நோயொன்று 1904ஆம் ஆண்டில் நியூயார்க் விலங்குக் காட்சிச் சாலையில் கண்டறியப்பட்டது. அடுத்த அரை நூற்றாண்டுக்குள் கோடிக்கணக்கான செஸ்ட்நட் மரங்கள் மடிந்தன. அவை நின்ற இடங்களில் பலவற்றை ஓக் மரங்கள் நிரப்பின. ஆயின் அந்தத் தவறாத விளைச்சலை அவற்றால் நிரப்ப இயலவில்லை. பட்டுப்போன செஸ்ட்நட் மரங்களின் வேர்களிலிருந்து இன்றும் துளிர்கள் எழுகின்றன. பெரும்பாலானவை காய்க்கும் பருவத்தை எட்டுமுன்பே அதே நோயால் கருகிவிடுகின்றன.