சிரித்தால் துவளும் கால்கள்

பிரெஞ்சு மருத்துவர் ஜெலினோ 1880இல் எழுதிய கட்டுரையில் 38 வயது வியாபாரி ஒருவர் வருகிறார். மதுப் பீப்பாய் விற்பவர். ஒரே நாளில் 200 தடவை வரைகூட அவருக்குத் தூக்கம் வந்துவிடும். வெளியே கிளம்பினால், எழுப்பிவிடுவதற்காக மகன் கூடவே போவான். வாய்விட்டுச் சிரித்தால் கால் துவண்டு போகும். சீட்டாட்டத்தில் நல்ல சீட்டு விழுந்துவிட்டால், அதை இறக்கக் கை எழாது. துக்கம் மனிதரைச் சாய்த்துப் பார்த்திருக்கிறோம். இவரைச் சாய்த்தது சந்தோஷம். இந்த நோய்க்கு நார்கோலெப்சி என்று பெயர் வைத்தவர் ஜெலினோதான்.

பெயர் கிடைத்தது, காரணம் கிடைக்கவில்லை. அடுத்து வந்த பல பத்தாண்டுகள் இந்த நோயாளிகளுக்குக் கொடுமையான காலம். சிலர் வலிப்பு என்றார்கள், சிலர் ஹிஸ்டீரியா என்றார்கள். உளப்பகுப்பாய்வு ஓங்கியிருந்த நாட்களில், வாழ்க்கையைச் சந்திக்க விரும்பாத மனம் தூக்கத்துக்குள் போய் ஒளிந்துகொள்கிறது என்றுகூட விளக்கம் சொன்னார்கள். வீட்டிலும் வகுப்பிலும் அந்த அளவுக்குக்கூட யோசிக்கவில்லை. சோம்பேறி, தூங்குமூஞ்சி என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்கள். 1935இல் ஆம்ஃபெட்டமின் என்ற ஊக்க மருந்தைக் கொடுத்துப் பார்த்தபோது விழிப்பு ஓரளவு நிலைத்தது. ஏன் நிலைத்தது என்று அப்போது யாருக்கும் தெரியவில்லை.

சரியான இடத்தைக் கைகாட்டியவர் ஒருவர் இருந்தார். முதல் உலகப் போர்க் காலத்தில் பரவிய தூக்க மூளைக்காய்ச்சலில் இறந்தவர்களின் மூளைகளை வியன்னாவில் நரம்பியல் மருத்துவர் வான் எகனாமோ ஆராய்ந்தார். ஓயாமல் தூங்கியவர்களுக்கு ஹைபோதலாமஸின் பின்பகுதியை ஒட்டிச் சேதம் இருந்ததைக் கண்டார். நார்கோலெப்சியின் வேரும் அங்கேதான் இருக்க வேண்டும் என்று கணித்தார். அந்தக் கணிப்பு மெய்யாக எழுபது எண்பது ஆண்டுகள் ஆயின.

அதை மெய்ப்பித்ததில் பெரும் பங்கு நாய்களுடையது. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் 1970களிலிருந்தே, இந்த நோயோடு பிறந்த நாய்களை வளர்த்தார்கள். டாபர்மேனிலும் லாப்ரடாரிலும் நோய் பரம்பரையாக வந்தது. சோதனை எளிமையானது. தரையில் 12 துண்டு உணவை வரிசையாக வைப்பார்கள். நோயில்லாத நாய் ஓடிவந்து ஒரு நிமிடத்துக்குள் தின்று முடித்துவிடும். நோயுள்ள நாயும் அதே ஆசையோடுதான் ஓடிவரும். முதல் துண்டை எட்டியதும் பின்னங்கால் மடங்கும், பிறகு முழு உடலும் தரையில் சரியும். கண் திறந்திருக்கும், நினைவு இருக்கும். சில நொடிகளில் எழுந்து அடுத்த துண்டுக்குப் போகும், மறுபடி விழும். அந்தச் சோதனையின் படங்களைப் பார்த்த எவருக்கும் இதைச் சோம்பல் என்று சொல்ல மனம் வராது. சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு திணறிய வியாபாரிக்கு நடந்ததும் இதுதான்.

1998இல் இரண்டு குழுக்கள், ஒன்றையொன்று அறியாமல், நரம்புச் செல்கள் சுரக்கும் ஒரே செய்திப் பொருளை, ஒரு நியூரோபெப்டைடை, கண்டுபிடித்தன. கலிஃபோர்னியாவில் லூயிஸ் டி லெசியா குழு அதை ஹைபோகிரெடின் என்றது; டெக்சாஸில் யானகிசாவா, சகுராய் குழு ஒரெக்சின் என்றது. எலியின் மூளையில் செலுத்தியபோது அது கூடுதலாகத் தின்றதால், இது பசிக்கான பொருள் என்றே டெக்சாஸ்காரர்கள் நினைத்தார்கள். அடுத்த ஆண்டு, ஒரெக்சின் இல்லாத சுண்டெலிகளை உருவாக்கி, இருட்டில் அகச்சிவப்புக் கேமராவால் கவனித்தார்கள். சுறுசுறுப்பாக ஓடிக்கொண்டிருந்தவை திடீர் திடீரென்று சாய்ந்தன. அதே 1999இல், பத்தாண்டுத் தேடலுக்குப் பின் ஸ்டான்ஃபோர்டின் இம்மானுவேல் மின்யோ நாய்களின் பழுதான மரபணுவை எட்டினார். ஒரெக்சினை வாங்கிக்கொள்ளும் ஏற்பியின் மரபணு அது. அடுத்த ஆண்டே மனிதர்களிடமும் விடை கிடைத்தது. இறந்துபோன நோயாளிகளின் மூளைகளில், ஹைபோதலாமஸில் ஒரெக்சினைச் சுரக்கும் செல்கள் 85 முதல் 95 சதவீதம் வரை காணாமல் போயிருந்தன.

நம் மூளையில் இந்தச் செல்கள் ஏறக்குறைய 70,000தான். கோடிக்கணக்கான நரம்புச் செல்களுக்கு நடுவே அது ஒரு கைப்பிடிகூட இல்லை. ஆனால் காற்றில் அடித்துக்கொள்ளும் கதவுக்குக் கொக்கி மாட்டுவதைப் போல, விழிப்பை விழிப்பாகவே நிலைக்க வைப்பது இவைதான். கனவு காணும்போது எழுந்து ஓடிவிடாதபடி மூளை நம் தசைகளைக் கட்டிப்போடுகிறது. ஒரெக்சின் இல்லாதவருக்கு அந்தக் கட்டு, சிரிப்பின் நடுவே, விழித்திருக்கும்போதே வந்து விழுகிறது.

இந்தச் செல்களை அழிப்பது உடலின் சொந்த எதிர்ப்புச் சக்தியே என்ற சந்தேகம் வலுவாக இருக்கிறது. துவண்டு விழும் வகை நோயாளிகளில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் ஒரே எதிர்ப்புச் சக்தி மரபணு வகை காணப்படுகிறது. 2009 பன்றிக்காய்ச்சலுக்குப் போட்ட பாண்டெம்ரிக்ஸ் தடுப்பூசிக்குப் பிறகு பின்லாந்திலும் சுவீடனிலும் சிறுவர்களிடையே இந்த நோய் கூடியது அந்தச் சந்தேகத்தை மேலும் வலுப்படுத்தியது.

இன்று முதுகில் ஊசி போட்டு எடுக்கும் தண்டுவட நீரில் ஒரெக்சின் அளவைப் பார்த்தே நோயை உறுதிசெய்ய முடியும். அப்படியும் முதல் அறிகுறிக்கும் சரியான பெயருக்கும் நடுவே பலருக்குப் பத்தாண்டுகள் போய்விடுகின்றன. எனக்கு ஆறாத விஷயம் இது. நோய் பெரும்பாலும் பதின்வயதில் தொடங்குகிறது. படிப்பும் நட்பும் உருவாகும் அந்த வயதில்தான் வசைச்சொல்லும் வந்து ஒட்டிக்கொள்கிறது.

ஒரெக்சின் கதை தலைகீழாகவும் பயன்பட்டது. ஏற்பியை அடைத்தால் தூக்கம் வரும் அல்லவா? தூக்கமின்மைக்கான சுவோரெக்சான்ட் அப்படித்தான் 2014இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அல்சைமர் ஆய்வாளர்களும் இப்போது அதை வைத்துச் சோதிக்கிறார்கள். அது ஆரம்பக் கட்டம், அதை நம்பி யாரும் மாத்திரை வாங்கக் கூடாது.

நார்கோலெப்சிக்காரர்களுக்கு ஒரெக்சினையே விழுங்கக் கொடுக்க முடியாது, வயிற்றில் சிதைந்துவிடும். அதன் ஏற்பியைத் தட்டி எழுப்பும் வேறு மூலக்கூறுதான் வழி. இப்படி வந்த ஒரு மாத்திரையின் சோதனை, கல்லீரல் பாதிப்பால் 2021இல் நிறுத்தப்பட்டது. அதன் தொடர்ச்சியான ஓவிபோரெக்ஸ்டனின் எட்டு வாரச் சோதனை முடிவு 2025இல் வெளியானது. பகலில் விழித்திருக்கும் திறன் தெளிவாகக் கூடியது, துவண்டு விழுவதும் குறைந்தது. இரவுத் தூக்கம் கெடுவதும் அடிக்கடி சிறுநீர் கழிப்பதும் பக்கவிளைவுகள். போன செல்களை அது திருப்பித் தராது. ஆம்ஃபெட்டமின்போல மூளை முழுவதையும் உசுப்பாமல், அந்தச் செல்கள் செய்துவந்த வேலையை மட்டும், மாத்திரை உடலில் இருக்கும்வரை செய்கிறது.